துப்பட்டாவுக்கு அடியில்

முழங்கையை ஒட்டி வைக்காதே, ஒட்டி வைக்காதே என்று குருவம்மாள் தன் வலது கைக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். கை கேட்டால்தானே. இருபத்தோரு வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்ட கை இன்றைக்கென்று பார்த்து வீம்பு பிடித்தது. நாலு எட்டு வைப்பதற்குள் தானாக மடங்கி, துப்பட்டாவுக்கு அடியில், சுடிதாருக்கு உள்ளே, இடுப்புப் பட்டையில் அது இருக்கிறதா என்று உரசிப் பார்த்துவிட்டு வந்தது. இருக்கும், எங்கே போகும், ஒரு கிலோ இரும்பு வெயிலில் ஆவியாகியா விடும். பஸ்ஸில் எவன் எந்தப் பையில் பணம் வைத்திருக்கிறான் என்பதை நாங்கள் தேட வேண்டியதில்லை, அவன் கையே காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு பிக்பாக்கெட்காரி ஸ்டேஷனில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்து, அவசரமாகக் கையைத் தொங்கவிட்டாள். தொங்கவிட்ட கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்கு இரண்டு எட்டு முன்னால் பஞ்சவர்ணம் போய்க்கொண்டிருந்தாள், மருதங்குறிச்சி ஊராட்சித் தலைவி, வெள்ளைச் சேலையில் பச்சைக் கரை, கழுத்தில் வேர்வை. ஆகஸ்ட் பதினைந்து, காலை எட்டேகால், கொடி ஏற்றப் போகிறாள். காலனி முடிகிற வேப்பமரத்திலிருந்து ஊராட்சி அலுவலகத்துக் கொடிக்கம்பம் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு என்று குருவம்மாள் நேற்றே நடந்து பார்த்து வைத்திருந்தாள். அதில் நானூறு எட்டு ஊர்த்தெரு. அந்த நானூறு எட்டையும் பஞ்சவர்ணத்தின் அப்பன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவன். மகள் இன்றைக்குக் காலில் புதுச் செருப்பு போட்டிருந்தாள். புதுச் செருப்பு கடிக்குமே, பழசையே போட்டிருக்கலாமே என்று குருவம்மாளுக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்கிற வேளை இது இல்லை.

நாலு நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து பஞ்சவர்ணத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னார். "ஜீப் அனுப்புறேம்மா. உங்க வாசல்ல ஏறி கம்பத்துக்கிட்ட இறங்குங்க. முன்னால எட்டுப் பேர், பின்னால எட்டுப் பேர். ஏட்டம்மா யூனிபார்ம்ல, பிஸ்டலை வெளியில மாட்டிக்கிட்டுப் பக்கத்துல நிக்கட்டும். நாலு பேர் கண்ணுல படணும். பட்டாத்தான் ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்." அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது. ஜனவரி இருபத்தாறுக்குக் கொடிக்கயிற்றைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுக்காமல் துணைத் தலைவரே இழுத்து ஏற்றிவிட்டு, "உனக்குத்தான் மிட்டாய் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கலெக்டரிடம் மனு கொடுத்தாள். மனு கொடுத்த வாரமே போனில் ஒரு குரல், அடுத்த வாரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு பாறாங்கல். அதற்குப் பிறகுதான் ஆயுதப்படையிலிருந்து குருவம்மாளைக் காவலுக்குப் போட்டார்கள். இவ்வளவும் நடந்த ஊரில் ஜீப் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா. பஞ்சவர்ணம் சொன்னாள். டீத்தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள். "சார், ஜீப்புல போனா ஜீப்பு கொடியேத்துச்சும்பாக. துப்பாக்கியோட போனா துப்பாக்கி ஏத்துச்சும்பாக. பஞ்சவர்ணம் எப்ப சார் ஏத்துறது?" இன்ஸ்பெக்டர் டீயைப் பார்த்தார். "அப்ப ஏட்டம்மாவே வேண்டாங்கிறீங்களா?" "அய்யோ வேணும் சார். எனக்கும் உசுரு மேல ஆசை இருக்கு, ரெண்டு பிள்ளை இருக்கு. அக்கா வரட்டும், இடுப்புல அதுவும் வரட்டும். வெளிய தெரியக் கூடாது, அவ்வளவுதான். அவுக வழி விட்டா எனக்கு விட்டதா இருக்கணும். விடாட்டியும் எனக்கு விடாததா இருக்கணும். எதுன்னு எனக்குத் தெரியணும்ல சார்." காலனிச் சனத்தைக்கூட அவள் தன்னோடு கூட்டமாக வர வேண்டாம், சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும், கண்மாய்க்கரை வழியாக முன்னாலேயே போய்க் கம்பத்தடியில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டாள். போலீஸ்காரர்கள் தார்ரோட்டோடு சரி. இன்ஸ்பெக்டர் போகும்போது குருவம்மாளை வேலியோரம் கூப்பிட்டு, "தெரிஞ்சிருச்சுன்னா அந்தம்மா கொடி போச்சு. தெரியாம இருந்து ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தம்மாவே போச்சு, நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு. பாத்துக்கங்க" என்றார். பாத்துக்கங்க என்று சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

தெரியாமல் வைத்துக்கொள்வது என்பதே குருவம்மாளுக்குப் பிடிக்காத காரியம். பிடிக்காதது என்ன, கேவலம் என்றே நினைத்திருந்தாள். ஒளித்து வைக்கிறவன் திருடன், வெளியில் மாட்டுகிறவன் போலீஸ், இதற்கு மேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் ஜில்லா கருவூலத்து வாசலில் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு முதன்முதலாக நின்றபோது, எதிரே டவுன் பஸ் நின்றால் ஜன்னலுக்கு ஒரு தலை நீளும். ஏய் பொம்பளடி, பொம்பள துப்பாக்கி வச்சிருக்காடி என்று ஒருத்தி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு முழுக்கக் கால் வலிக்கவே இல்லை. அதற்கு முன்னால் கல்யாண வீடாகட்டும், பஸ் ஸ்டாண்டாகட்டும், எந்த ஊரு புள்ள நீ என்று ஆரம்பித்து, அந்த ஊரில் எந்தத் தெரு, அந்தத் தெருவில் யார் வீடு என்று நூல் பிடித்துப் பிடித்து, அவர்களுக்கு வேண்டியது கிடைத்த பிறகுதான் உட்கார் என்றோ நில் என்றோ சொல்வார்கள். துப்பாக்கி தோளில் ஏறிய பிறகு ஒருத்தரும் கேட்டதில்லை. எல்லாக் கேள்விக்கும் அதுவே முன்னால் நின்று பதில் சொல்லிவிட்டது. ஜில்லா அளவில் பெண் போலீசுக்குச் சுடுகிற போட்டி வைத்தார்கள், பத்துக்குப் பத்தும் நடுவட்டத்தில் போட்டாள், பரிசாக ஐந்து லிட்டர் குக்கர் கொடுத்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் அந்தக் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்க மருமக சுட்டு வாங்குன குக்கரு" என்று காட்டிவிட்டுத்தான் சோறு போடுவாள். கேட்கிறவர்கள் கடையில் சுட்டதா என்று முழிப்பார்கள். மாமியாருக்கு அதெல்லாம் கவலையில்லை. ஆக, அப்பேர்ப்பட்ட துப்பாக்கிக்காரி, கொத்துப்பூ போட்ட சுடிதாரில், ஏதோ சீமந்தத்துக்குப் போகிறவள் மாதிரி, அதை மூடி மறைத்துக்கொண்டு நடக்கிறாள். நல்லவேளை மாமியார் பார்க்கவில்லை.

சுடிதார் தைத்த கதையே தனிக் கதை. "சைடு ஓப்பனை இம்புட்டு மேல ஏத்தவா?" என்று டெய்லர் டேப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "ஆமா. வலது பக்கம் மட்டும்." "ஒத்தப் பக்கம் மட்டுமாக்கா?" "சென்னைல இப்ப அதான் பேஷன்." அவன் நம்பிவிட்டான், பாவம், இனி ஊரில் எத்தனை பெண்களுக்கு ஒற்றைப் பக்கம் ஏற்றித் தைத்துவிடப் போகிறானோ. துப்பட்டாவை இடது தோளில் பின் குத்தி வலது பக்கம் தொங்கவிட்டால் அந்தப் பிளவு தெரியாது. தெரியாதுதான், ஆனால் எடுக்க வேண்டும் என்று வந்தால் துப்பட்டாவை ஒதுக்கி, பிளவுக்குள் கையை விட்டு, பட்டனைத் தட்டி, அப்புறம்தான் அது கைக்கு வரும். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று எடுத்து எடுத்துப் பார்த்தாள், முதல் இரண்டு தடவை துப்பட்டாவும் சேர்ந்து வந்தது. வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனில் நேரம் பார்த்தார். ரெண்டே முக்கால் செகண்ட். "அதுக்குள்ள அவன் வெட்டிப்புட்டு டீயே குடிச்சிருவான்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் தூக்கம் வரவில்லை. காக்கியில், வெளியே மாட்டினால், முக்கால் செகண்ட். அந்த இரண்டு செகண்டுக்குள் ஒரு அரிவாள் எவ்வளவு தூரம் இறங்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. இப்போதும் போடுகிறது, போடாதே என்றால் நிற்க மாட்டேன் என்கிறது. அந்தக் கழுத்து. வேர்வையும் கருகமணியும் இருக்கிற அந்தக் கழுத்து, இரண்டு எட்டு முன்னால், வெயிலில்.

ஊர்த்தெரு வந்துவிட்டது. வந்தது காலுக்குத் தெரிந்தது, மண் முடிந்து சிமெண்ட் ரோடு. இந்த சிமெண்ட் ரோடு போட்டது யார் என்று கேட்டால் பஞ்சவர்ணம்தான், போன மாசி மாதம், கையெழுத்து அவளுடையது; ஆனால் போட்ட ரோட்டில் போட்டவள் இன்றைக்குத்தான் முதன்முதலாக நடு மத்தியில் நடக்கிறாள். முதல் வீடு கதவு சாத்தியிருந்தது. இரண்டாவது வீடும் சாத்தியிருந்தது, உள்ளே டிவியில் டில்லிச் செங்கோட்டை விழா ஓடிக்கொண்டிருந்தது, அங்கே துப்பாக்கிகள் எல்லாம் வெளியேதான் இருக்கும், பாலீஷ் போட்டு. மூன்றாவது வீட்டு மாடியில் ஒருவன் நின்று கீழே பார்த்தான். கையில் என்ன, பல்குச்சி. சரி. அடுத்த சந்து, சந்துக்குள் ஒரு டிராக்டர், டிராக்டருக்குப் பின்னால் யாருமில்லை. யாரோ எச்சில் துப்புகிற சத்தம் கேட்டது, துப்பியவர் யார் என்று தெரியவில்லை, பஞ்சவர்ணத்தின் தோள் ஒரு தடவை இறுகித் தளர்ந்தது, நடை மாறவில்லை. செருப்பு சரக் சரக்கென்றது. அட, வேண்டுமென்றே தேய்த்து நடக்கிறாளோ. குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு அம்மாள் பஞ்சவர்ணத்தை விட்டுவிட்டுக் குருவம்மாளைப் பார்த்து, "நீ எந்த ஊரு புள்ள?" என்றாள். ஆகா, வந்துவிட்டது. இருபத்தோரு வருஷமாகக் காணாமல் போயிருந்த கேள்வி, இடுப்பில் இருப்பது தெரியவில்லை என்றதும் எப்படித் தேடிக்கொண்டு வந்துவிட்டது பார். வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கி, "கூட வந்தேம்மா" என்று மட்டும் சொன்னாள். "சொந்தமாக்கும்" என்று அந்த அம்மாள் தானே முடிவு செய்து, குடத்தைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். குருவம்மாளுக்குச் சுருக்கென்றது. துப்பட்டாவை ஒரு விரல் விலக்கினால் போதும், இந்த அம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு விலகி நின்று வாங்க மேடம் என்பாள். விலக்கவில்லை. பஞ்சவர்ணம் இந்தக் குடம் நகர்வதைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், துப்பட்டா விலக்குகிற வசதி அவளுக்கு எந்த நாளும் இருந்ததில்லை என்று நினைத்தபோது, கை சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கித் தொங்கியது.

முந்தாநாள் பஞ்சவர்ணத்தின் வீட்டு வாசலில் கொடி ஏற்றிப் பழகியது அவளுக்கு நினைவு வந்தது. முருங்கைக் கிளையில் கயிறு, கொடிக்குப் பதில் கட்டம் போட்ட துண்டு, துண்டுக்குள் பூவுக்குப் பதில் முருங்கைப்பூ. எப்படி மடித்தால் ஒரே இழுப்பில் விரியும், முடிச்சை எப்படிப் போட்டால் இறுகாது என்று குருவம்மாள் காட்டினாள். ஆயுதப்படையில் இதெல்லாம் பழக்கம். பஞ்சவர்ணம் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி வலித்து இழுத்ததில் முருங்கைக்கிளையே வளைந்தது. "மெதுவா மேடம், அது கொடி, மாடு இல்ல." "என்னைய மேடங்காதீகக்கா, யாரையோ கூப்புடுற மாதிரி இருக்கு." சல்யூட்தான் அவளுக்கு வரவில்லை. கையைத் தூக்கி நெற்றியில் வைத்தால் வெயிலுக்கு மறைக்கிற மாதிரி இருந்தது. "உள்ளங்கை முன்னால தெரியணும். எங்கிட்ட ஒண்ணும் இல்ல பாருன்னு காட்டுறதுதான் சல்யூட்டு" என்று யாரோ ஒரு டிரில் மாஸ்டர் சொன்னதைத் தானே கண்டுபிடித்தது போல் எடுத்துவிட்டாள். பஞ்சவர்ணம் உடனே கேட்டாள், "அப்ப நீங்களும் அடிப்பீகளாக்கா நாளன்னைக்கு?" "நான் அடிக்கக் கூடாது. யூனிபார்மும் தொப்பியும் இல்லாட்டி நாங்க அடிக்க மாட்டோம். அட்டென்ஷன்ல நிப்போம்." "நீங்க அடிச்சாப் பாத்து அடிப்பேன்ல, மறந்துட்டா?" "மறக்க மாட்டீக" என்றாள் குருவம்மாள்.

டீக்கடை வந்தது. நேற்றுக் குருவம்மாள் பார்த்தபோது கடையை ஒட்டிக் கிடந்த பெஞ்சு இன்றைக்குத் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் கடைத் தட்டி, அந்தப் பக்கம் சாக்கடை, நடுவே பெஞ்சு, பெஞ்சின் மேல் நாலு பேர். பெஞ்சைத் தாண்ட வேண்டுமென்றால் சாக்கடைக்குள் ஒரு காலை வைக்க வேண்டும். கடைக்காரர் சீமைச்சாமி, அறுபது வயதிருக்கும், மேல்சட்டை இல்லை, தோளில் துண்டு, அந்தப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் நின்றாள். இரண்டு எட்டு பின்னால் குருவம்மாளும் நின்றாள். நாலு பேர், எட்டுக் கைகள், இரண்டு கையில் பேப்பர், இரண்டில் கிளாஸ், நாலு கை மடியில். மடியில் இருக்கிற கையை நம்பக் கூடாது. ரெண்டே முக்கால் செகண்ட். கை தானாக மடங்கி, துப்பட்டாவின் ஓரத்தைத் தொட்டது. தொட்டதா, இல்லை ஒதுக்கியே விட்டதா, அது அவளுக்கே நிச்சயமில்லை. பால் பொங்குகிற வாசனை வந்தது. பஞ்சவர்ணம் சொன்னாள், "அண்ணே, கொடியேத்தப் போறேன்." ஐயா என்று சொல்லவில்லை, அவளுடைய அப்பன் இவரை ஐயா என்று சொன்னவன், இவரைவிடப் பத்து வயது மூத்தவன். அண்ணே என்றாள். சீமைச்சாமி பேப்பரை மடித்தார். மடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பஞ்சவர்ணத்தைப் பார்த்தார், அப்புறம் குருவம்மாளை, தலையிலிருந்து கீழே, ஒரு பார்வை. எழுந்தார். "எந்திரிங்கப்பா" என்றார். மற்ற மூவரும் எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தார்கள். பெஞ்சின் ஒரு முனையைத் தானே தூக்கிச் சுவரோரம் தள்ளிவிட்டு, பாலைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்து எட்டு தாண்டியதும் பஞ்சவர்ணம் திரும்பாமலே கேட்டாள், "அக்கா, பாத்துட்டாரா?" குருவம்மாள், "தெரியல" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் இருந்த பஞ்சவர்ணத்தின் நடை வேறு, பின்னால் இருந்த நடை வேறு. செருப்புச் சத்தம் குறைந்துவிட்டது. பார்த்துவிட்டாரா. அந்தப் பார்வை எங்கே நின்றது, முகத்திலா, இடுப்பிலா. துப்பட்டா அப்போது எங்கே இருந்தது. கை, அந்தச் சனியன் பிடித்த கை, எதற்காக மடங்கியது. பார்க்கவில்லை என்றால் எதற்காக எழுந்தார், பார்த்துவிட்டுத்தான் எழுந்தார், இந்த ஊரில் எவன் சும்மா எழுந்திருப்பான், அதுவும் பெஞ்சைக் குறுக்கே போட்டவன். இல்லை, அவரா போட்டார், மற்றவர்கள் போட்டு அவர் வந்து உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதானே. ஆனால் போலீஸ் என்று தெரிந்திருந்தால் முகம் வேறு மாதிரி ஆகும், அந்த மாற்றம் அவளுக்கு அத்துப்படி, கண் சின்னதாகும், உதடு உள்ளே போகும், குரலில் ஒரு குழைவு வரும். சீமைச்சாமிக்கு அது ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லையா, அவள்தான் கவனிக்கவில்லையா, அவள் அப்போது கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்க் கேட்டுவிடலாமா, ஐயா நீங்கள் எந்திரிச்சது இவளுக்கா எனக்கா என்று. நானூறு எட்டில் மிச்சம் நூறு எட்டும் அவளுக்கு இந்த வழக்கிலேயே போயிற்று. பஞ்சவர்ணம் அவ்வளவு ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று, அதைத் தன் முழங்கை கெடுத்திருந்தால்? கெடுக்கவில்லை என்று யார் சாட்சி சொல்வது?

கம்பத்தடியில் காலனிச் சனம் முழுக்க நின்றது. ஊர்த்தெருவிலிருந்து முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள், தள்ளித் தள்ளி, பிடித்து வைத்த மாதிரி. துணைத் தலைவர் வரவில்லை, அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று ஊராட்சிச் செயலாளர் சொன்னார். பின்னாலேயே துண்டை உதறிக்கொண்டு சீமைச்சாமியும் வந்து சேர்ந்து, குருவம்மாளுக்கு நேர் பின்னால் நின்றார், கடையை யாரிடம் விட்டு வந்தாரோ. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஐந்து பேர் பாடத் தயாராக வரிசையில் நின்றார்கள். செயலாளர் கயிற்றை எடுத்தார், ஒரு நொடி எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள், அதைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். தெருவில் கழற்றாததை இங்கே, தன் இஷ்டத்துக்குக் கழற்றி ஓரமாக வைத்தாள். கிணற்றில் இறைக்கிற இழுப்பு இல்லை, மெதுவாக, குழந்தைக்குத் தொட்டில் இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பு. கொடி விரிந்தது. பூ அவள் தலையில் கொட்டியது. காலனிப் பெண்கள் யாரோ குலவை போட்டார்கள், கொடிக்குக் குலவை போடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் போட்டார்கள். குருவம்மாள் எத்தனை எஸ்.பி., எத்தனை மந்திரி கொடி ஏற்றப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூட இப்படி மார்பு விம்மியதில்லை. பாட்டு ஆரம்பித்தது. பஞ்சவர்ணம் கயிற்றைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று மறந்து, இரண்டு கையும் சும்மா தொங்க, திரும்பிக் குருவம்மாளைப் பார்த்தாள். பார்த்ததுதான் தாமதம். கை போய்விட்டது. இருபத்தோரு வருஷப் பழக்கமும், அந்தப் பார்வையும் எல்லாம் சேர்ந்து வலது கையை விருட்டென்று தூக்கி நெற்றியில் வைத்துவிட்டன, உள்ளங்கை முன்னால் தெரிய. பஞ்சவர்ணம் அதைப் பார்த்துத் தானும் கையைத் தூக்கி, கச்சிதமாக வைத்து, கொடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் குருவம்மாளுக்கு வலது இடுப்பில் காற்று பட்டது.

கை ஏறியதில் சுடிதாரும் ஏறிவிட்டது, டெய்லர் ஏற்றித் தைத்த சைடு ஓப்பன் வாயைப் பிளந்துகொண்டது, துப்பட்டா சரிந்து பின்பக்கம் போய்விட்டது. கறுப்புப் பட்டையும் பிஸ்டலின் பிடியும், ஊர் பார்க்க, வெயிலில். இறக்கு, கையை இறக்கு. எப்படி இறக்குவது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஏறிய சல்யூட் பாட்டு முடியாமல் இறங்காது, அது அவள் எலும்பிலேயே ஊறிய விஷயம், இறக்கச் சொன்னாலும் இறங்காது. அதோடு அவள் இறக்கினால் பஞ்சவர்ணமும் இறக்கிவிடுவாளோ என்று ஒரு பயம். ஐம்பத்திரண்டு செகண்ட். ரெண்டே முக்கால் செகண்டுக்குப் பயந்தவளுக்கு ஐம்பத்திரண்டு செகண்ட். துப்பாக்கி பிடிக்கிற கை நெற்றியில், துப்பாக்கி ஊரார் கண்ணில். இப்போது எவனாவது வந்தால் எடுக்கவும் முடியாது, எடுப்பதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்தும் போயிற்று. ஒளித்து வைத்ததன் பலனும் இல்லை, வெளியே வைத்ததன் பலனும் இல்லை, ஆயுதப்படை சரித்திரத்தில் இப்படி ஒரு காவலை எவளும் காத்திருக்க மாட்டாள். பின்னால் யாரோ ஒருவர் 'அடியே' என்று மூச்சு விட்டது கேட்டது. போயிற்று. துப்பாக்கி ஏத்துச்சும்பாக. அவள் கொடியையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியதில் கொடி மூன்று நிறமும் கலந்து தெரிந்தது. முன்னால் பஞ்சவர்ணத்தின் முழங்கை ஆடாமல் நின்றது, நன்றாகத்தான் நிற்கிறாள், முந்தாநாள் பழகியவள் மாதிரி இல்லை. ஜய ஜய ஜய ஜயஹே என்று பிள்ளைகள் முடித்தார்கள். குருவம்மாள் கையை இறக்கி, துப்பட்டாவை இழுத்து மூடினாள், மூடி என்ன ஆகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே.

"ஏத்தா" என்றார் சீமைச்சாமி பின்னாலிருந்து. "நீ போலீசா?"

குருவம்மாள் திரும்பினாள். "ஆமா."

"தெருவுல வாரப்பயும் அது இடுப்புலதான் இருந்துச்சா?"

"ஆமா."

சீமைச்சாமி துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். அவர் முகம் இப்போதுதான் மாறியது, கண் சின்னதானது, உதடு உள்ளே போனது. அந்த மாற்றத்தை இருபத்தோரு வருஷத்தில் இவ்வளவு ஆசையாக அவள் யார் முகத்திலும் பார்த்ததில்லை. "அடிப்பாவி, நான் பஞ்சவர்ணத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளைன்னுல்ல நெனச்சேன்" என்றார். "போலீசுன்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பெஞ்சுல இருந்து எந்திரிச்சே இருக்க மாட்டேன். போலீசுக்கெல்லாம் பயந்து எந்திரிக்கிறவனா நானு?"

பஞ்சவர்ணம் தலையில் பூவோடு திரும்பி நின்றாள். "பெறகு யாருக்குண்ணே எந்திரிச்சீக?"

சீமைச்சாமிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், கடைசியில் கோபமாகவே சொன்னார். "சித்திரைல குழாய் மோட்டார் எரிஞ்சு கெடந்தப்ப மூணாம் நாள் மாத்திக் குடுத்தது யாரு? எங்க தெரு ஆளா வந்து குடுத்தான்? தலைவரு வருது, வழியில கெடக்கேன்னு எந்திரிச்சேன். இதைப் போயிப் பெருசாப் பேசிக்கிட்டு." சொல்லிவிட்டு, பால் அடிப்பிடிக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு, மிட்டாய்கூட வாங்காமல் வேகமாகப் போய்விட்டார்.

பஞ்சவர்ணம் தலையில் கிடந்த பூவை ஒவ்வொன்றாக எடுத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்கக் குருவம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பத்துக்குப் பத்து போட்ட அன்றைக்குக்கூட இவ்வளவு பெருமை இல்லை. ஒருத்தர் கண்ணிலும் படாமல் நானூறு எட்டு நடந்திருக்கிறது அந்த ஒரு கிலோ; தன் முழங்கை எதையும் கெடுக்கவில்லை, நல்ல கை, தங்கமான கை. மிட்டாய் கொடுத்து முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, இருவரும் வந்த வழியே கிளம்பினார்கள். குதிகாலில் செருப்பு கடித்திருந்ததில் பஞ்சவர்ணம் லேசாக நொண்டினாள். "ஜனவரி இருபத்தாறுக்கு யூனிபார்ம்லயே வாங்கக்கா" என்றாள். "எதுன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே என்னத்தை மூடிக்கிட்டு." குருவம்மாள், "தொப்பியோட வாரேன்" என்றாள். குழாயடியில் இப்போது யாரும் இல்லை. சாத்திய கதவுகளில் பாதி இன்னும் சாத்தியபடியே இருந்தன. டீக்கடையில் நல்ல கூட்டம், மூன்று பேர் நின்றுகொண்டே டீ குடித்தார்கள், சீமைச்சாமி இவர்கள் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. பெஞ்சு சுவரோரமாகவே கிடந்தது.